தோல்வியை மறைக்காத பயணி

பயண நூல்கள் பெருகிவரும் காலம் இது. அவற்றுள் பலவற்றில் ஒரு பொதுக் குறையை நாம் காண்கிறோம். பயணி எவரிடமும் வாயடைத்து நிற்பதில்லை. சென்றவிடமெல்லாம் அவரே ஆசான், கண்டவரெல்லாம் மாணாக்கர். இத்தகைய நூலை எவ்வளவு நம்பலாம்? அஹ்மது இப்னு பள்லானின் 'ரிஸாலா'வை உரைகல்லாகக் கொண்டு பார்ப்போம்.

வால்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார்களின் அரசர் அல்மிஷ், மார்க்கம் கற்பிக்க ஆலிம்களையும் கோட்டை கட்டப் பொருளையும் அப்பாஸியக் கலீபா அல் முக்ததிரிடம் வேண்டினார். ஹிஜ்ரி 309இல் (கி.பி. 921) பக்தாதிலிருந்து புறப்பட்ட தூதுக்குழுவில், கலீபாவின் கடிதத்தை வாசித்தளிக்கும் பொறுப்பு இப்னு பள்லானுடையது.

வழியின் வருணனை அருமையானது. குர்கஞ்சில் பனிக்காலம். வீட்டிற்குள் ஒரு வீடு, அதற்குள் துருக்கியரின் கம்பளிக் கூடாரம். அங்கே உறங்கியும் கன்னம் தலையணையோடு ஒட்டிக்கொண்டதாம். பின்னர் 70 நாள் பயணம். ஆறுகளை மடக்கத்தக்க தோற்படகுகளில் கடந்தனர். இன்று யூரல் எனப்படும் யாயிக் ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்து பலர் மாண்டதைக் கண்ணால் கண்டு எழுதுகிறார். வால்காக் கரையில் கோடை இரவு மிகக் குறுகியது. கூடாரத்தினுள் இஷாவின் பாங்கை எதிர்பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், பாங்கு கேட்டு வெளியே வந்தால் பொழுது புலர்ந்திருந்தது! ஒலித்தது ஸுபுஹுடைய பாங்கு.

எனினும் நூலின் உயிர் வேறோரிடத்தில் உள்ளது. கோட்டைக்கென ஒதுக்கிய 4,000 தீனார் குழுவினர் கைக்கு வந்து சேரவில்லை. கடிதத்திலோ அத்தொகை குறிக்கப்பட்டிருந்தது. அரசர் சினந்தார். முன்னர், இகாமத்தை இரட்டையாகச் சொன்ன அவருடைய முஅத்தினை ஒற்றையாகச் சொல்லுமாறு இப்னு பள்லான் திருத்தியிருந்தார். இப்போது அரசர் மீண்டும் இரட்டையாகச் சொல்லச் செய்தார். இப்னு பள்லான் தடுத்தார். ஷாபிஈகளும் ஹனபிகளும் வாழும் நம் ஊர்களில் இவ்வழக்கு எவருக்கும் புதிதன்று.

அரசர் கேட்டார்: இவ்விரண்டு முறையும் கூடுமா? கூடும் என்றனர். நலிந்தோர்க்கென ஒப்படைத்த பொருளில் மோசம் செய்வது கூடுமா? கூடாது என்றனர். இது கருத்து வேற்றுமைக்கு உரியதா, இஜ்மாவா? இஜ்மா என்றனர். அவ்வாறாயின், அமானிதம் காவாதவரிடம் நாம் மார்க்கம் கேட்பதற்கில்லை என்று முடித்தார் அரசர். மறுமொழியின்றி வெளியேறியதாக இப்னு பள்லானே எழுதுகிறார். கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டு திரும்பிய காட்சி இது. இதனை விட்டுவிட்டிருந்தால் அவரைக் கேட்பார் யார்?

ரூஸ் மக்களின் ஈமச்சடங்கைக் கண்டபோதும் அவ்வாறே. அன்புக்குரியோரை மண்ணில் இட்டுப் புழுக்களுக்கு இரையாக்குகிறீர்கள் என்று அரபிகளை ஒருவன் இகழ்ந்ததை மறைக்காது பதிகிறார்.

குறைகளும் உண்டு. பிற மக்களின் வழக்கங்களை அருவருத்து எழுதுகிறார். பேருருவ மனிதனைப் பற்றி அரசர் சொன்ன கதையை ஆராயாது ஏற்கிறார். எனினும், தமக்கு எதிரான சொல்லையும் அவர் எழுதி வைத்தமையால், மற்றவற்றையும் நாம் நம்பத் துணிகிறோம்.

மஷ்ஹதில் 1923இல் கண்டெடுக்கப்பட்ட கையெழுத்துப் பிரதியில் இறுதிப்பகுதி இல்லை. அவர் வீடு திரும்பிய கதை நமக்குக் கிட்டவில்லை. ஆனால் அவர் சுமந்து சென்ற அமானிதங்களுள் ஒன்று, உண்மையுரைத்தல், நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பயண நூல் எழுதப் புகுவோர் முதலில் இதனைப் பயில்வார்களாக.