அடி தாங்குகிறவர்கள்

ஒரு மாவட்டத் தலைநகரில் நடந்த கலை விழா. பன்னிரண்டு பறைகள் மேடையேறின. முதல் ஐந்து நிமிஷம் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு வலது ஓரத்தில் நின்ற தம்பி குச்சியை மேலே வீசிப் பிடித்தான். கூட்டம் விசிலடித்தது. பக்கத்தில் நின்றவன் சும்மா இருப்பானா? வேகத்தைக் கூட்டினான். இன்னொருத்தன் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் சிண்டுக்குச்சியால் பொரித்துத் தள்ளினான். கடைசியில் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஆடிய பெண்கள் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கைதட்டலில் அது யார் கண்ணிலும் படவில்லை.

இதைக் குறை என்று எழுதுவதற்கே தயக்கமாக இருக்கிறது. "அடக்கி வாசி" என்பது யாருடைய குரல்? ஊர்க்காரன் குரல்தானே? எப்போ அடிக்கணும், எங்கே நின்னு அடிக்கணும், எப்போ நிறுத்தணும் எல்லாம் அவன் சொன்னான். பிணத்துக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்து அடித்ததற்குப் பேர் கலை அல்ல, ஊழியம். அதனால்தான் பறையடிக்க மாட்டோம் என்பதே பல சேரிகளில் முதல் அரசியலாக இருந்தது. தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி இயக்கம் நடத்தினார். பிறகுதான் அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையிலெடுத்தோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990களில் தலித் பெண்களின் தோளில் பறையை மாட்டியது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு, ஒருத்தன் நாலு அடி கூடுதலாக அடித்தால் என்ன குடி முழுகிப் போச்சு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பறையின் வேலையைப் பார்ப்போம். இரண்டு குச்சி. அடிக்குச்சி குட்டை, தடிமன். சிண்டுக்குச்சி நீளம், மெலிசு. நெஞ்சில் வந்து விழுகிற முழக்கம் அடிக்குச்சியிலிருந்து வருவது. சிண்டு அதைச் சுற்றிப் பின்னுவது. எல்லோரும் சிண்டையே ஓட்டினால் பின்னல் மட்டும் மிஞ்சும், எதைச் சுற்றிப் பின்னுகிறோமோ அது காணாமல் போகும். வேகம் கூடக் கூட ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவிலுள்ள இடம் சுருங்கும். ஆடுகிறவர் கால் மாற்றுவது அந்த இடத்தில்தான்.

நம் அடிகளின் பேர்களைப் பாருங்கள். சாமிச்சாட்டு, மருளடி, மாரடிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இன்னொரு உடம்பு இருக்கிறது. மருளாடியின் உடம்பு, மாரடிக்கிற பெண்களின் கை. அந்த உடம்பைப் பார்த்து, அதன் மூச்சு வாங்குவதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தாங்கவா, திருப்பவா என்று முடிவு செய்கிறவர்தான் ஆட்டக்காரர். "ஆடுறவங்க காலப் பாத்து அடிடா, ஆளப் பாத்து அடிக்காத" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பையன்களைத் திட்டுவார். ஆள் என்று அவர் சொன்னது வேடிக்கை பார்க்கிறவர்களை. ஊர்க்காரன் உத்தரவுக்கு அடிப்பது ஊழியம். பக்கத்து ஆளின் அடியைக் கேட்டு அடிப்பது ஊழியமல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நிதானம் என்றாலே அடிமைத்தனம் என்று நம் இளைஞர்களுக்குத் தோன்றுகிறது. கைதட்டலுக்காகக் கையை ஓட்டுகிறவனும் இன்னொருத்தன் உத்தரவுக்குத்தான் அடிக்கிறான்.

அமெரிக்கக் கறுப்பர் இசையில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1969 நவம்பரில் ஜேம்ஸ் பிரவுன் குழு 'ஃபங்கி டிரம்மர்' என்ற பாட்டைப் பதிவு செய்தது. டிரம் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். நடுவில் மற்றவர்களை நிறுத்திவிட்டு டிரம்மை மட்டும் விடுகிறார் பிரவுன். வித்தை காட்டச் சொல்லவில்லை, வாசித்துக்கொண்டிருந்த நடையையே தொடரச் சொல்கிறார். ஸ்டபிள்ஃபீல்டும் அதையே தொடர்ந்தார். சில நொடிகள்தான். அந்த நடையை வெட்டியெடுத்து ஹிப்ஹாப் இளைஞர்கள் நூற்றுக்கணக்கான பாடல்களில் வைத்தார்கள். 1989இல் பப்ளிக் எனிமி வெளியிட்ட 'ஃபைட் த பவர்' என்ற கலகப் பாட்டிலும் அது இருக்கிறது. ஒரு தலைமுறையின் கோபம் ஏறி நிற்பதற்கு அவர் தாங்கிய அடி போதுமானதாக இருந்தது.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பாட்டை எழுதியவர் என்று ஸ்டபிள்ஃபீல்ட் பேர் போடப்படவில்லை. அதனால் உரிமைத்தொகை அவருக்கு வந்து சேரவில்லை. 2017இல் இறந்தார்.

நம் மேடைக்கும் இது பொருந்தும். அழைப்பிதழில் குழுத்தலைவர் பேர் இருக்கும், சிறப்பு விருந்தினர் பேர் பெரிய எழுத்தில் இருக்கும். மூலையில் நின்று ராத்திரி முழுக்க ஒரே அடியைத் தாங்கியவர் பேர் இருக்காது. படமெடுக்கிறவர்கள் குச்சி சுழற்றுகிறவனைத்தான் எடுக்கிறார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். தாங்குகிறவனுக்குப் பேருமில்லை, காசுமில்லை என்றால் எவன் தாங்குவான்? தலைமுறை தலைமுறையாகப் பேரில்லாமல் அடித்த கூட்டத்துப் பையன், வெளிச்சம் விழுந்த ஐந்து நிமிஷத்தில் தன்னைக் காட்டத் துடிப்பது நியாயமான பசி. அந்தப் பசியைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆகவே என் விமர்சனம் பாதி ஆட்டக்காரர்களுக்கு, பாதி நிகழ்ச்சி நடத்துகிற தோழர்களுக்கு. பன்னிரண்டு பேர் அடித்தால் பன்னிரண்டு பேரையும் அச்சடியுங்கள். கூலியைச் சமமாகக் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் அடிப்படை அடியைத் தாங்கியவர் யார் என்று கேட்டு, அவரை முன்னால் கூப்பிட்டு நிறுத்துங்கள். அதைச் செய்த பிறகு, தம்பிகளிடம் அடக்கி வாசி என்று சொல்லாமல், கேட்டு வாசி என்று சொல்வோம். காது கொடுப்பார்கள். அந்தப் பெண்களுக்கும் கால் வைக்க இடம் கிடைக்கும்.