நூலக எண்

மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவி ஒருவர் வடமோடிக் கூத்து பற்றி ஆய்வு எழுத வேண்டுமானால், பழைய சிறப்பு மலர்களையும் சிற்றிதழ்களையும் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. கைபேசியில் நூலகம் தளத்தைத் திறந்தால் போதும். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய எண்ணிம நூலகம் அது. ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து இலவசமாகத் தருகிறது.

எனக்குப் பிடித்தது அதன் பக்க அமைப்பு. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். கீழே ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்கங்கள். இதழ் என்றால் பொருளடக்கத்தையே வரிவரியாகத் தட்டெழுதி வைத்திருப்பார்கள். யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது. அதனால்தான் கட்டுரைத் தலைப்பில் ஒரு சொல் தெரிந்தாலும் இதழ் அகப்பட்டுவிடுகிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 2004 ஆழிப்பேரலை கல்லடிக் கரையில் வீடுகளோடு ஏடுகளையும் வாரிப் போனதையும் கண்ட தலைமுறை நாங்கள். ஆகவே பழைய கோயில் மலர் ஒன்று பரணில் கிடந்தால், தயவுசெய்து கறையானுக்கு விடாமல் நூலகம் தளத்தினரிடம் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.