‘டியூ டு’வும் நம் இலக்கணப் பரம்பரைகளும்

நம் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, மூத்தவர்கள் இத்தனை பேர் இருக்க நான் எழுதுவதா என்று தயங்கினேன். தலைவர் ஐயாவும் சொன்ன பிறகு தட்ட முடியவில்லை. நம் ஆங்கில ஆசிரியர்களிடையே உள்ள பரம்பரைகளைத் தெரிந்துகொள்ள ‘டியூ டு’ ஒன்றே போதும் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்.

நெஸ்ஃபீல்டு வழி வந்த பெரியவர்களைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அடுத்து ரென் அண்ட் மார்ட்டின் வழியினர். அவர்களுக்குக் ‘காம்பவுண்ட் பிரிபொசிஷன்’ என்றால் ‘அபவ்’, ‘பிசைட்’ போன்றவை. ‘ஓயிங் டு’, ‘பை டின்ட் ஆஃப்’ எல்லாம் ‘ஃபிரேஸ் பிரிபொசிஷன்’. ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் 1985 பேரிலக்கணத்தைப் படித்து வந்தவர்கள் இவற்றையே ‘காம்ப்ளெக்ஸ் பிரிபொசிஷன்’ என்பார்கள். வைக்கும் பெயரிலேயே ஆள் எந்த வழி என்று தெரிந்துவிடும்.

என் ஆசிரியர் ஃபௌலர் வழி. 1926இல் வந்த ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதி அவர் மேசையை விட்டு இறங்கியதில்லை. ‘ஹிஸ் ஆப்சென்ஸ் வாஸ் டியூ டு இல்னெஸ்’ என்றால் ஐயா தலையாட்டுவார். ‘டியூ டு இல்னெஸ் ஹி வாஸ் ஆப்சென்ட்’ என்றால் சிவப்பு மை. ‘டியூ’ பெயரடை, அது தழுவ ஒரு பெயர்ச்சொல் வேண்டும். பின் வாக்கியத்தில் அது இல்லை, ஆகவே ‘ஓயிங் டு’ போடு என்பார். சந்தேகம் வந்தால் ‘காஸ்ட் பை’யை வைத்துப் பார்க்கச் சொல்வார், பொருந்தினால் ‘டியூ டு’வும் பொருந்தும். பெரியவர்களுக்கு ‘டியூ’ ஆன மரியாதையில் உள்ளது உரிமைப் பொருள். ஆறு மணிக்கு ரயில் ‘டியூ டு அரைவ்’ என்னும்போது அந்த ‘டு’ வினைச்சொல்லோடு சேர்ந்தது. இவற்றைப் பிரித்துச் சொல்லாத மாணவனை அவர் உட்காரவிட்டதில்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ‘ஓயிங்’கும் ஒரு காலத்தில் பெயரைத் தழுவி நின்ற எச்சம்தான். அதற்குத் திறந்த கதவை ‘டியூ’வுக்கு ஏன் சாத்த வேண்டும் என்று கேட்பார்கள். குவர்க் குழுவினர் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். ஃபௌலரின் நூலையே 1996இல் திருத்தி வெளியிட்ட பர்ச்ஃபீல்ட், இந்தச் சண்டை வருங்காலத்தில் மறந்துபோகும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். என் ஆசிரியரும் வழக்கு மாறுவதை அறியாதவர் அல்லர். விதியை மீறுகிறவன் முதலில் விதியை ஒப்பிக்கட்டும் என்பதுதான் அவர் கட்சி.

இன்று ஒப்பிக்க யார் இருக்கிறார்கள்? எவரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. நம் இளையவர்களில் திறமைசாலிகள் நிறைய உண்டு. அவர்கள் வேலைச் சுமையும் தெரியும். ஆனாலும் ஆங்கில ஆசிரியர்களுக்கே வந்த ஒரு சுற்றறிக்கையில் ‘தி ரீசன் இஸ் டியூ டு’ என்று இருந்தது. காரணத்துக்கே ஒரு காரணம்! படித்த யாருக்கும் உறுத்தவில்லை. பயிற்சி வகுப்பில் புரொஜெக்டர் உண்டு, குழு விளையாட்டு உண்டு, பார்சிங் கிடையாது. கையேட்டில் கோடிட்ட இடத்துக்கு விடை இருக்கிறது, ஏன் அந்த விடை என்பது இல்லை. பிரிபொசிஷன் போனால் வாக்கியம் போகும். வாக்கியம் போனால் வாதம் போகும். பிறகு மனு எழுதுவது யார், தீர்ப்பு எழுதுவது யார்? லிஃப்ட் ஓடாததற்கு ஒட்டும் அறிவிப்பு முதல் திருமணம் தள்ளிப்போன செய்தி வரை எல்லாவற்றையும் ‘டியூ டு’ போட்டே தொடங்கும் ஒரு சமூகத்தில் எதற்கு யார் பொறுப்பு என்றே சொல்ல முடியாமல் போகும். மிகை என்று சிலர் சிரிக்கலாம். அவர்கள் இந்த ஆண்டு விடைத்தாள் திருத்தப் போகாதவர்கள்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் இலக்கணத்துக்கு ஒதுக்குங்கள். எல்லா வழியினரும் வந்து வாதாடட்டும். அந்த அரை மணி தேநீருக்கு முன்பே இருக்கட்டும். பின்னால் வைத்தால் ஆள் இருக்காது.