மாதொருபாகன் நாவலில் தெய்வமும் குறியீடும்

பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010ஆம் ஆண்டு காலச்சுவடு பதிப்பகத்தின் வழியாக வெளிவந்த நாவல். திருச்செங்கோட்டு மலையையும் அதைச் சுற்றியுள்ள வேளாண் சிற்றூர்களையும் களமாகக் கொண்டது. குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரைச் சொல்லும் இந்நாவல், மனிதருக்கு மேலான ஓர் ஆற்றலை ஊர் எவ்வாறு கற்பித்துக்கொள்கிறது, அந்த ஆற்றலின் பெயரால் எவற்றையெல்லாம் அனுமதிக்கிறது என்ற கேள்வியையும் எழுப்புகிறது. நாவலில் வரும் தெய்வங்களும் குறியீடுகளும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

களம்

திருச்செங்கோடு முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. தேவாரத்தில் இத்தலம் கொடிமாடச் செங்குன்றூர் என்று குறிக்கப்படுகிறது. மலைமேல் உள்ள மூலவர் அர்த்தநாரீசுவரர். வலப்பாதி ஆணாகவும் இடப்பாதி பெண்ணாகவும் நின்ற கோலம். சிவன் பெரும்பாலும் இலிங்கமாகவே வழிபடப்படும் தமிழகத்தில், ஆணும் பெண்ணும் ஒரே உடலாக மூலவராக நிற்கும் இத்தலம் தனித்தன்மை உடையது. ‘மாதொருபாகன்’ என்பதற்கு மாதைத் தன் உடலில் ஒரு பாகமாகக் கொண்டவன் என்பது பொருள்.

மலைக்குச் செல்லும் படிவழியில் பாறையில் செதுக்கிய பெரிய நாக உருவம் உள்ளது. வழிபடுவோர் தூவிய மஞ்சளும் குங்குமமும் அதன்மேல் படிந்திருக்கும். அறுபதாம் படியில் நின்று சத்தியம் செய்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இப்பகுதியில் இருந்தது. வைகாசி விசாகத் தேர்த்திருவிழாவின்போது தெய்வங்கள் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்து தங்கி, மீண்டும் மலையேறுகின்றன. மேலே இருக்கும் தெய்வம் சில நாள்கள் மனிதரோடு சமதளத்தில் இருப்பது இவ்விழாவின் அமைப்பு. நாவலின் உச்சக்கட்டம் இந்த அமைப்பின்மேல் கட்டப்பட்டுள்ளது.

கதைச் சுருக்கம்

காளி, பொன்னா இருவரும் கவுண்டர் சாதியைச் சேர்ந்த வேளாண் குடும்பத்தினர். கதை நிகழ்வது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்குக் குழந்தையில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள அன்பு குறையவில்லை. ஆனால் ஊர் வாயும் உறவினர் வாயும் ஓய்வதில்லை. காளிக்கு இரண்டாம் திருமணம் செய்துவைக்கும் பேச்சு எழுகிறது. வேண்டுதல்கள், பரிகாரங்கள் எல்லாம் செய்து பார்க்கிறார்கள். மலையுச்சியிலுள்ள வறடிக்கல்லையும் பொன்னா சுற்றி வருகிறாள்.

இறுதியாகப் பெரியவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். தேர்த்திருவிழாவில் தெய்வங்கள் மலையேறும் நாளின் இரவில், குழந்தையில்லாத பெண்கள் கூட்டத்தில் முன்பின் அறியாத ஆணோடு கூடலாம். அன்று வரும் ஆண்கள் அனைவரும் சாமிகள். அதனால் பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை. காளி இதை ஏற்கவில்லை. அவன் சம்மதித்துவிட்டதாகப் பொன்னாவை நம்பவைத்துப் பெற்றோர் அழைத்துச் செல்கின்றனர். பொன்னாவின் அண்ணனும் காளியின் நண்பனுமான முத்து, அந்த நேரத்தில் காளியை வேறிடம் கூட்டிச் சென்றுவிடுகிறான். திரும்பி வந்து உண்மையை அறிந்த காளி பூவரச மரத்தடியில் கிடக்கும் இடத்தில் நாவல் முடிகிறது.

உள்ளுறையும் தெய்வமும்

குறியீடு என்ற சொல் நவீன விமர்சனத்தின் வழியாகப் பரவியது. அதற்கு நெருக்கமான முறை தமிழில் முன்பே உண்டு. சங்கப் பாடல்களில் மரமும் விலங்கும் பறவையும் நிலத்தின் பொருள்களாக மட்டும் நில்லாமல், தலைவன் தலைவியரின் நிலையை மறைவாக உணர்த்துவதை உள்ளுறை என்பர். இதற்குத் தொல்காப்பியம் ஒரு வரையறை கூறுகிறது. கருப்பொருள்களுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது தெய்வம். ஆனால் உள்ளுறைக்கு நிலைக்களமாகத் தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களையே கொள்ள வேண்டும் என்கிறது அகத்திணையியல். மரத்தைக் கொண்டு மனிதனைச் சொல்லலாம். தெய்வத்தைக் கொண்டு சொல்லலாகாது. இதற்கான காரணத்தை நூற்பா கூறவில்லை.

‘மாதொருபாகன்’ நாவலைப் படிக்க இந்த வரையறை பெரிதும் உதவுகிறது. நாவலின் முற்பகுதி உள்ளுறையின் எல்லைக்குள் நிற்கிறது. பிற்பகுதி அந்த எல்லையைத் தாண்டித் தெய்வத்தையே குறியீடாகக் கொள்கிறது. நாவலின் வலிமை இதில் உள்ளது. பின்னர் அது சந்தித்த எதிர்ப்பின் வேரும் இதிலேயே உள்ளது.

பூவரசு

நாவல் பூவரச நிழலில் தொடங்குகிறது. மாமனார் வீட்டில் உள்ள அந்த மரம் காளி தன் கையால் நட்டது. திருமணமான காலத்தில் சிறு கொம்பாக ஊன்றியது, இப்போது கிளை பரப்பி நிழல் தருகிறது. ஊன்றிய கொம்பு தழைத்துவிட்டது, ஊன்றியவன் குலம் தழைக்கவில்லை என்பதை ஆசிரியர் எங்கும் எடுத்துச் சொல்லவில்லை. மரத்தின் அகலத்தையும் நிழலின் குளிர்ச்சியையும் மட்டும் சொல்கிறார். வாசகரே ஒப்பிட்டுக்கொள்கிறார்.

காளியின் தொண்டுப்பட்டியும் இவ்வகையில் அமைந்தது. ஆடுமாடு கட்டும் அந்த இடத்தைக் காளி சுத்தமாகப் பேணுகிறான். அங்கே கன்றுகளும் குட்டிகளும் பிறந்துகொண்டே இருக்கின்றன. மேட்டுக்காட்டு உழவனுக்குப் பெருக்கம் என்பது கண்முன் நாள்தோறும் நடப்பது. தன் கையால் எல்லாம் பெருகும்போது தன் உடல் மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து அவனால் தப்ப முடிவதில்லை. மேலான ஆற்றல் ஒன்றைத் தேடிப் போகும் மனநிலை இந்த அன்றாடக் காட்சிகளிலிருந்து உருவாகிறது.

மூன்று நிலைத் தெய்வங்கள்

நாவலில் தெய்வம் மூன்று நிலைகளில் வருகிறது.

முதலாவது, சாபமிடும் தெய்வம். காளியின் முன்னோர் காட்டில் ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமையும் அதனால் விளைந்த சாபமும் குடும்பக் கதையாக வழங்குகின்றன. கொடுமைக்கு ஆளானவள் தெய்வமாகிறாள். கொங்கு நாட்டு ஊர்களில் வணங்கப்படும் பெண்தெய்வங்கள் பலவற்றுக்கும் இத்தகைய பிறப்புக் கதை உண்டு. இங்கே மேலான ஆற்றல் என்பது தண்டிக்கப்படாத குற்றத்தின் நினைவு. ஊரார் அவளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். குற்றத்தைப் பற்றி வேறெதுவும் செய்வதில்லை.

இரண்டாவது, மலைமேல் உள்ள மாதொருபாகன். இத்தெய்வம் நாவலுக்குள் எதுவும் செய்வதில்லை. வரம் தருவதில்லை, கோபம் கொள்வதில்லை. ஆணும் பெண்ணும் சரிபாதி என்ற வடிவமாக மட்டும் உயரத்தில் நிற்கிறது. கீழே வாழும் மனிதர்களை அளக்கும் அளவுகோலாக ஆசிரியர் அதைப் பயன்படுத்துகிறார். காளி மனைவியை உயிராக நேசிக்கிறான். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவளுக்குப் பாதி இல்லை. ஒருமுறை அவளிடம் திருவிழாவுக்குப் போவாயா என்று கேட்கிறான். அவன் விரும்பினால் போவேன் என்ற அவளது விடையைத் தாங்காமல் உள்ளுக்குள் குமுறுகிறான். கேட்டதே அவளைச் சோதிப்பதற்குத்தான் என்பது அப்போது தெரிகிறது. ‘காளி’ என்ற பெண்தெய்வத்தின் பெயரையே சுமக்கும் அவன், பெண்ணுக்குப் பாகம் கொடுத்த தெய்வத்தின் அடிவாரத்தில் வாழ்ந்தும் அந்த வடிவத்தின் பொருளை எட்டவில்லை.

மூன்றாவது, திருவிழா இரவின் ‘சாமி’. இது பெயரும் முகமும் இல்லாத மனிதன். ‘சாமி’ என்ற சொல் கொங்குப் பேச்சில் நெகிழ்வானது. கோயில் தெய்வமும் சாமிதான். பூசாரியும் பண்டாரமும் சாமிதான். தாய் தன் பிள்ளையைக் கொஞ்சும்போதும் சாமி என்றே அழைப்பாள். இந்த நெகிழ்வால், தரப்போகிறவனுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் ஒரே பெயர் பொருந்திவிடுகிறது. இடையில் உள்ள மனித உடல் அப்பெயரால் மறைக்கப்படுகிறது.

சாதி தடுமாறும் இடம்

இந்த மூன்றாம் நிலையில் நாவல் மிகக் கூர்மையாகிறது. கூட்டத்தில் வருகிறவர்களில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சாதிகளின் இளைஞர்களும் இருப்பார்களே என்று காளி கேட்கிறான். அவர்களில் ஒருவன் தொட்டால் பிறகு பொன்னாவைத் தன்னால் தொட முடியாது என்கிறான். அந்த இரவில் எல்லா ஆண்களும் சாமி என்று ஊர் சொல்கிறது. சாமிக்குச் சாதி இல்லை என்றும் சொல்கிறது. அதை முழுமையாக நம்புகிறவனுக்கு இக்கேள்வி எழாது. காளிக்கு எழுகிறது. கற்பு, உடைமை, சாதி ஆகிய மூன்றும் அவனுள் ஒரே முடிச்சாக இருப்பதை இக்கேள்வி காட்டிவிடுகிறது. அன்பும் நேர்மையும் உடைய நாயகனின் வாயில் ஆசிரியர் இக்கேள்வியை வைத்திருப்பதால் வாசகர் அவனை எளிதில் வெறுக்கவும் முடியாது, அவனோடு நிற்கவும் முடியாது.

மகாபாரதத்தில் சத்தியவதி குலம் தழைக்க வேண்டி மருமகள்களிடம் வியாசரை அனுப்புகிறாள். அம்பிகை அச்சத்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அங்கே கணவன் இறந்துவிட்டான். வருகிறவர் யார் என்பதும் பெரியவர்களால் முடிவு செய்யப்பட்டது. பொன்னாவின் கணவன் உயிரோடு இருக்கிறான். கூட்டத்தில் அவள் கண் திறந்திருக்கிறது. தனக்கான சாமியை அவளே தேடுகிறாள். ஏமாற்றி அழைத்து வரப்பட்டவள் என்ற நிலையிலும், அந்த இரவில் முடிவு அவளிடம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவளுக்குக் கிடைத்த முதல் உரிமை அது என்று வாசிக்க இடமுண்டு. ஆனால் அந்த உரிமை ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். அங்கே கடவுள் மனிதராகச் சென்னைத் தெருவுக்கு வந்து, மனிதரோடு வாழ முடியாமல் திரும்புகிறார். இங்கே மனிதன் ஓரிரவு தெய்வமாக ஏற்றப்படுகிறான். புதுமைப்பித்தனின் கதை நகைப்பில் முடிகிறது. இந்த நாவலுக்கு அவ்வாறு முடியும் வாய்ப்பில்லை, ஏனெனில் மறுநாள் காலையில் சாமி மறைந்துவிடும். பொன்னாவும் காளியும் இருப்பார்கள்.

குறியீடா, செய்தியா

2013இல் அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் நாவல் ஆங்கிலத்தில் வெளியானது. 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. ஊரையும் கோயிலையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்பது எதிர்ப்பாளர் வாதம். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் ஆசிரியர் தம் எழுத்து வாழ்க்கை முடிந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் எழுத்துரிமைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றது.

சட்டக் கேள்வி தீர்ந்த பிறகும் இலக்கியக் கேள்வி எஞ்சுகிறது. நாவலாசிரியர் தெய்வத்தைக் குறியீடாக வைத்தார். படிதோறும் தேங்காய் உடைத்து மலையேறும் ஒருவருக்குத் தெய்வம் வேறொன்றைக் குறிப்பதில்லை. அது அதுவாகவே இருக்கிறது. அவர் நாவலைத் தம் ஊரைப் பற்றிய செய்தியாகப் படித்தார். முதற்பதிப்பின் முன்னுரையில் களஆய்வு பற்றி ஆசிரியர் குறிப்பிட்டிருந்ததும், நாவல் உண்மையான ஊர்ப்பெயரை வைத்திருந்ததும் அவ்வாறு படிக்க இடம் கொடுத்தன. பின்வந்த பதிப்பில் ஊர்ப்பெயர் நீக்கப்பட்டது. நாவல் முன்னுரையின் துணையின்றியே நிற்கக்கூடியது. வழக்கம் உண்மையில் இருந்ததா என்பதை நிறுவினாலும் மறுத்தாலும் காளியின் கேள்வி மாறாது. எனினும் தெய்வத்தைக் கருவியாகக் கொள்ளும் படைப்பு, அத்தெய்வத்தை வணங்குபவரின் வாசிப்பையும் எதிர்கொள்ள நேரும். அந்த வாசிப்புக்கு விடை விவாதமே, அச்சுறுத்தல் விடையாகாது.

தொடர்ச்சிகள்

காளியின் முடிவு தெளிவாகச் சொல்லப்படாமையால் ஆசிரியர் 2014இல் இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிடுகிறான். ‘அர்த்தநாரி’ நாவலில் உயிரோடு இருக்கிறான். ஒரு கதை இரு பாதியாகப் பிரிவதே மூலவரின் வடிவத்தை நினைவூட்டுகிறது. இரண்டு தலைப்புகளும் சிவனின் பெயர்களே. பெண்பாதியைச் சுட்டும் பெயர், கணவன் உயிரோடு எஞ்சும் கதைக்குச் சூட்டப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பாதியாக இருப்பதற்கு இருவரும் வாழ வேண்டும்.

தீர்ப்புக்குப் பின் 2016இல் வெளிவந்த ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ நாவலில் ஆசிரியர் மனிதரையும் தெய்வத்தையும் தவிர்த்து, அசுரர் உலகில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டு கதை சொல்கிறார். அதாவது தெய்வம் தவிர்ந்த கருப்பொருளுக்குத் திரும்புகிறார். ஆனால் அந்நாவலின் முடிவில் பூனாச்சி கற்சிலையாகிறாள். துன்புற்ற உயிர் கல்லாகித் தெய்வ நிலைக்கு நெருங்குவது, காட்டில் கொடுமைக்கு ஆளானவள் தெய்வமான கதையோடு ஒத்துப்போகிறது.

மதிப்பீடு

நாவலில் சில குறைகள் உண்டு. குழந்தையின்மைக்கான காரணக் கதைகளும் பரிகாரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் இடைப்பகுதி தளர்கிறது. சீராயி, முத்து ஆகியோர் கதையை நகர்த்தத் தேவையான அளவுக்கே சில இடங்களில் வருகின்றனர். மணம் செய்யாமல் தன் விருப்பப்படி வாழும் நல்லுப்பையன் சித்தப்பா, பிள்ளை இல்லாமலும் வாழலாம் என்ற மறுகுரலைக் கொண்டுவருகிறார். அக்குரலுக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம்.

இக்குறைகளைக் கடந்து நாவலை நிறுத்துவது, மேலான ஆற்றல் பற்றிய அதன் தெளிவு. தெய்வம் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் அது செல்லவில்லை. தன்னால் வெளிப்படையாக ஏற்க முடியாததை ஊர் தெய்வத்தின் கையில் ஒப்படைக்கிறது என்பதையும், ஒப்படைத்த பிறகும் அதன் வலி மனிதரிடமே தங்கிவிடுகிறது என்பதையும் காட்டுகிறது. தெய்வங்கள் விழா முடிந்து மலையேறிவிடுகின்றன. காளி தரையில், தன் கையால் வளர்த்த மரத்தின் கிளைகளை அண்ணாந்து பார்த்தபடி கிடக்கிறான்.