நெஞ்சுச் சூடு

கங்காரு பராமரிப்பில் தாயின் நெஞ்சுதான் முதல் கருவி. தொப்பி, டயப்பர், காலுறை மட்டும் போட்ட குறைமாதக் குழந்தையை மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தவளைபோல் கைகால் மடங்கக் கிடத்துவார்கள். மூச்சு தடைபடாதபடி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித் துணியால் கட்டுவார்கள். அம்மாவின் சூடு பிள்ளைக்கு ஏறுகிறது, பாலும் நன்றாகச் சுரக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோடாவில் இன்குபேட்டர் போதாமல் மருத்துவர் எட்கர் ரேய் கைக்கொண்ட வழி இது. பற்றாக்குறை சில சமயம் நல்ல ஆசான். மும்பையில் தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில் 1989இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய, ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி கங்காரு பராமரிப்புக்கு நல்ல துணை: சொந்தப் பால் போதாத சிசுவுக்கு, வேறொரு தாயின் பதப்படுத்திய பால். குழந்தையை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி நெஞ்சோடு வைத்திருக்க வேண்டும் என்பது 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அம்மா அயர்ந்தால் அப்பா கட்டிக்கொள்ளலாம், பாட்டியும்தான்.