புறத்தே நின்று ஆளும் வட்டு

ஆப்பிள் நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட 21.5 அங்குல ஐமேக்கைப் பார்க்கிறவர்களுக்கு அதன் திரையின் தெளிவும் அலுமினிய உடலின் நேர்த்தியும் மனத்தைக் கவர்வதால், உள்ளே வைத்திருக்கும் சேமிப்புச் சாதனத்தைப் பற்றிச் சந்தேகம் எழுவதேயில்லை. ஆனால் அந்த வரிசையில் குறைந்த விலைக்கு விற்ற மாதிரிகளில் இருந்தது நிமிஷத்துக்கு 5400 தடவை சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க்தான், அந்த வழக்கமோ 2020 ஆகஸ்டு வரையில் நீடித்தது. அவற்றுள் சிலவற்றில் நாலு கோர்களுள்ள பிராசஸரையும் 4கே திரையையும் கொடுத்துவிட்டு, அவற்றுக்குத் தீனி போடும் வேலையை அவ்வளவு மந்தமான ஒரு வட்டிடம் ஒப்படைத்ததைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்வட்டை மாற்றிவிடலாமே என்றால், 2012-க்குப் பின் வந்த ஐமேக்குகளில் திரை ஒட்டுப்பட்டையால் உடலோடு ஒட்டப்பட்டிருப்பதால், அந்தப் பட்டையை அறுத்துத் திரையைத் தூக்கி, வேலை முடிந்ததும் புதிய பட்டை வைத்து மறுபடியும் ஒட்டவேண்டும்; கை நடுங்காதவர்களுக்கும் வயிற்றைக் கலக்கக்கூடிய காரியம் அது. ஆகவே, திரையைத் தொடாமல், வெளியிலிருந்து ஒரு எஸ்.எஸ்.டி.யைக் கேபிளில் இணைத்து, அதையே கணினியின் பிரதானத் துவக்க வட்டாக்கிக்கொள்ளும் உபாயத்தைச் சாம்சங் டி7 என்ற சாதனத்தைக் கொண்டு பரீட்சித்துப் பார்த்தேன்.

மந்தத்தின் மூலகாரணத்தை அறிந்துகொண்டால்தான் பரிகாரத்தின் அருமை விளங்கும். நிமிஷத்துக்கு 5400 சுற்று என்றால் விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்றாவது காத்திருக்கவேண்டும். அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகர்ந்தாகவேண்டும், அதற்குப் பிடிக்கும் காலமோ இதைவிட அதிகம். இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு கோப்புகளில் ஒரு விநாடிக்கு நூறைக்கூட இந்த வட்டால் எடுத்துத் தர முடியாது என்பது புலப்படும். கணினி எழுந்திருக்கும்போதும் ஒரு செயலி திறக்கும்போதும் தேவைப்படுபவை அத்தகைய சிறு கோப்புகளே, அவையும் ஆயிரக்கணக்கில். பெரிய ரிக்கார்டு அறையில் ஒரே ஒரு குமாஸ்தாவை நிறுத்தி, ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கட்டை அவிழ்த்துத் தேடச் சொல்வது போன்றது இது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆகையால் காத்திருப்பும் அநேகமாக இல்லை.

இந்தச் சங்கடத்தை 2018-இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவி பதிப்பு இன்னும் கடுமையாக்கிற்று. எஸ்.எஸ்.டி.யை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட ஏபிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறை, அந்தப் பதிப்பிலிருந்து, சுழலும் வட்டுகளுக்கும் கட்டாயமாயிற்று. ஒரு கோப்பில் மாற்றம் செய்தால் பழைய இடத்தின்மீதே எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது இதன் சுபாவமாதலால், நாளாக நாளாகத் துண்டுகள் வட்டெங்கும் சிதறிப்போகின்றன, எஸ்.எஸ்.டி.க்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, படிக்கும் முனைக்கோ ஓட்டம் ஓயாது. அப்டேட் செய்த பிறகு கணினி தள்ளாடுவதைக் கண்டவர்கள் அதற்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி விற்றுவிட நினைக்கிறார்கள். வயதானது யந்திரமல்ல, வட்டுதான்.

வெளிவட்டிலிருந்து கணினியை எழுப்புவதை ஒரு நவீன சாகசமாகக் கருதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 400 கிலோபைட் கொண்ட ஃபிளாப்பியைச் செருகித்தான் அதை எழுப்பினார்கள். 1986-இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸ்ஸில் ஸ்கஸி போர்ட் அமைந்த பின், பக்கத்தில் ஒரு பெட்டியாக உட்கார்ந்திருந்த ஹார்ட் டிஸ்க்கே துவக்க வட்டாக இருந்தது. பழைய சம்பிரதாயத்துக்குத்தான் நாம் திரும்புகிறோம்.

டி7 சட்டைப்பையில் அடங்குகிற, 58 கிராம் எடையே கொண்ட ஓர் உலோக வில்லை. விநாடிக்கு 1050 மெகாபைட் வரை படிக்கும் என்பது நிறுவனத்தார் சொல்லும் கணக்கு. உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க் நூறைத் தொட்டாலே பெரிது. இரண்டு கேபிள்கள் கூட வருகின்றன. யூஎஸ்பி-சி கேபிளை ஐமேக்கின் பின்புறமுள்ள தண்டர்போல்ட் 3 போர்ட்டில் மாட்டினால் 10 கிகாபிட் வேகம் கிடைக்கும். பழைய யூஎஸ்பி போர்ட்டில் மாட்டினால் அதில் பாதிதான். ஆயினும், அன்றாட உபயோகத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கை காட்டுகிற அளவுக்கு உணரப்படுவதில்லை. நாம் பெறும் லாபம் பெரிய கோப்பைச் சீக்கிரம் நகலெடுப்பதில் அல்ல, மேலே சொன்ன காத்திருப்பு ஒழிந்துபோவதிலேயே அடங்கியிருக்கிறது.

அமைக்கும் முறையில் ஒரே ஓர் இடத்தில் மாத்திரம் இடறுவதற்கு ஹேது உண்டு. வட்டு எக்ஸ்ஃபேட் முறையில் வருவதால், டிஸ்க் யுடிலிட்டியில் அதை அழித்து ஏபிஎஃப்எஸ் ஆக்கவேண்டும். அப்போது இடப்பக்கப் பட்டியலில் வட்டின் உட்பகுதி மட்டும் தெரிவது வழக்கமாதலால், வியூ மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, மேலே தலைப்பாக நிற்கும் சாதனத்தையே தேர்ந்தெடுத்து, ஜியூஐடி பகிர்வு முறையைக் குறிப்பிட்டு அழிக்கவேண்டும். உட்பகுதியை மட்டும் அழித்தவர்களுக்குப் பகிர்வு முறையை மாற்றும் கட்டமே கண்ணில் படாது. பிறகு இன்ஸ்டாலர் இந்த வட்டில் நிறுவ முடியாது என்று கையை விரிக்கும்போது, பழியை வட்டின்மேல் போடுகிறார்கள். மற்றதெல்லாம் சுலபம்: இந்த ஐமேக் ஏற்கும் கடைசிப் பதிப்பான வென்சுராவை வெளிவட்டில் நிறுவி, மைக்ரேஷன் அசிஸ்டென்ட் மூலம் பழைய கோப்புகளை இடம்பெயர்த்து, செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் டிஸ்க் என்ற இடத்தில் புதிய வட்டைச் சுட்டிவிட்டால் போதும். சந்தேகமிருந்தால் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு கணினியை எழுப்பலாம். இரண்டு வட்டுகளும் திரையில் நின்று எது வேண்டும் என்று கேட்கும்.

பலன் உடனே தெரிந்தது. முன்பு கடவுச்சொல்லை அடித்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்துகொண்டு வந்தாலும் டாக்கில் சின்னங்கள் குதித்துக்கொண்டிருந்த யந்திரத்தில், இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதற்குள் எல்லாம் தயாராகிவிடுகிறது. புகைப்படத் தொகுப்பைத் திறக்கும்போது வண்ணச் சக்கரம் சுழல்வது அபூர்வமாயிற்று. நினைவகம் 8 கிகாபைட்டே உள்ளவர்களுக்கு இன்னொரு விசேஷ லாபமும் உண்டு: நினைவகம் நிரம்பும்போதெல்லாம் கணினி வட்டையே துணைக்கு அழைப்பதால், அந்த வட்டு வேகமானதாக அமைந்தவுடன் நினைவகமே கூடினாற்போலத் தோன்றுகிறது. இன்னொன்று, பழைய உள்வட்டில் சிஸ்டம் அப்படியே இருக்கும்வரை, ஒரே செயலியின் இரண்டு பிரதிகள் மெனுவில் தலைகாட்டிக் குழப்பும். புதியது ஒழுங்காக ஓடுகிறது என்ற நம்பிக்கை பிறந்ததும், உள்வட்டைத் துடைத்து, டைம் மெஷின் காப்புப் பிரதிக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. ஓடியாடி வேலை செய்ய லாயக்கற்ற வட்டு, ராத்திரியும் பகலும் பின்னணியில் நகலெடுக்கும் வேலைக்கு மிகப் பொருத்தம்.

குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது கேபிள்: தூசி தட்டும்போது கை பட்டு அது கழன்றால், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் அப்படியே உறைந்து நின்றுவிடும், ஆதலால் வட்டை மேஜையில் அலையவிடாமல், ஐமேக்கின் காலுக்குப் பின்புறம் ஒட்டுப்பட்டையால் பொருத்திவிடுவதே உசிதம். அதிலும் எச்சரிக்கை வேண்டும். யூஎஸ்பி 3 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. புளூடூத் மவுஸ் தத்தித் தத்தி நடந்தால், மவுஸைச் சபிப்பதற்கு முன் வட்டைச் சற்றுத் தள்ளி ஒட்டிப் பார்க்கவேண்டும். சட்டைப்பையில் போகக்கூடிய வட்டில் வீட்டுக் கணக்கு முழுவதும் இருப்பதால், ஃபைல்வால்ட் என்ற குறியாக்க வசதியை இயக்குவது அவசியம். சாம்சங்கின் சொந்தப் பூட்டு மென்பொருளோ சிஸ்டம் எழுந்த பிறகே இயங்கக்கூடியதாதலால் துவக்க வட்டுக்கு உதவாது. இன்னும் நுட்பமான குறை ட்ரிம் சம்பந்தமானது. அழித்த கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்று எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் இந்தக் கட்டளையை மேக்ஓஎஸ் யூஎஸ்பி வழியாகப் பொதுவாக அனுப்புவதில்லை. தண்டர்போல்ட் வழியாக இணைந்த என்விஎம்இ வட்டுகளுக்கு அனுப்புகிறது. நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் தளரலாம் என்பதால், வட்டில் கால்பங்கைக் காலியாக விட்டுவைப்பது நல்லது. இதற்காகவே தண்டர்போல்ட் வட்டு வாங்கவேண்டுமா என்றால், 2018-இல் வந்த சாம்சங் எக்ஸ்5 விநாடிக்கு 2800 மெகாபைட் படிப்பதாக அறிவிக்கப்பட்டதென்பது வாஸ்தவமே. ஆனால் வீடியோ தொகுப்பவர் அல்லாதார் அதற்குக் கொடுக்கும் அதிக விலை வீண் என்பதே என் அபிப்பிராயம்.

விண்டோஸ்காரர்களுக்கு இந்தப் பாதை அவ்வளவு சுகமானதல்ல. அதன் இன்ஸ்டாலர் யூஎஸ்பி வட்டில் நிறுவ மறுக்கிறது, இதற்கென்றே இருந்த விண்டோஸ் டு கோ வசதியையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள். மேக்கிலும் டி2 என்ற பாதுகாப்புச் சில்லு கொண்டவற்றில், ரிக்கவரிக்குள் போய் வெளிவட்டிலிருந்து எழுவதற்கு முதலில் அனுமதி கொடுத்தாகவேண்டும். எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சில்லுகளில் அமைப்பே வேறு: வெளிவட்டிலிருந்து எழுந்தாலும் முதற்படி உள்வட்டிலேயே நடப்பதால், உள்வட்டு கெட்டுப்போனால் வெளிவட்டும் கைகொடுக்காது. அந்த யந்திரங்களின் உள்வட்டு இயல்பாகவே வேகமானதாதலால், அங்கே வேகத்துக்காக இதைச் செய்வதில் பிரயோஜனமில்லை. புதிய பதிப்பைச் சோதித்துப் பார்க்கவோ, பெரிய கோப்புகளுக்கு இடம் தேடியோ செய்கிறவர்கள், டிஎஃப்யூ போர்ட் என்று ஆப்பிள் குறிப்பிடுவதைத் தவிர்த்து வேறொரு போர்ட்டில் வட்டை மாட்டி நிறுவிக்கொள்ளலாம்.