எண்ணெய் குடிக்கும் இலவம் பஞ்சு

கண்டி – மாத்தளை வீதியில், அலவத்துகொடப் பக்கம் நெட்டையாக வளரும் இலவ மரத்தைத் தலையணைக்கும் மெத்தைக்கும் மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். காய் வெடித்த பஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள், எடையே தெரியாது. ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிரம்பிய மெல்லிய குழாய். வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரில் நனையாமல் மிதக்கும். அதே தண்ணீரில் எண்ணெய் படர்ந்திருந்தால், எண்ணெயை மட்டும் குடித்துக்கொள்ளும்! ஆய்வுக்கூடங்களில் தன் எடையைப்போல் 30 மடங்குக்கு மேல் பிடித்திருக்கிறது. பிழிந்துவிட்டு மறுபடியும் போடலாம். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்ததும் இந்தப் பஞ்சைத்தான்.

கெட்டியான உலை எண்ணெய் இதில் மெதுவாகத்தான் ஏறும். சட்டென்று தீப்பற்றும் என்பதும் உண்மை. அலையில் சிதறாமலிருக்க வலைப்பைகளில் அடைக்க வேண்டும்.

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எண்ணூரில், கடலில் கசிந்த எண்ணெயை வாளிகளால் அள்ளினார்கள். 2020இல் மொரீஷியஸில் வகாஷியோ கப்பல் கசிந்தபோது, மக்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, மிதக்கும் தடுப்புகளாகக் கடலில் விட்டார்கள். அடுத்த மாதமே நமது கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் கப்பல் சுமார் 270,000 தொன் மசகெண்ணெயுடன் தீப்பிடித்தது. அந்தச் சரக்கு கடலில் கலக்காதது நம் நல்ல காலம்.

மலைநாட்டில் காற்றோடு போகும் இந்தப் பஞ்சில் சில மூட்டைகளையாவது, வலைப்பைகளோடு மீன்பிடித் துறைமுகங்களில் இப்போதே சேர்த்து வையுங்கள்.